கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடி பொறுங்கள்

இணையவழிப் பயிற்சி என்றால் காணொளியை ஒருபக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் விடைத்தாள் திருத்துவது என்றாகிவிட்டது. ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஒன்றிய அரசின் நிஷ்தா ஆசிரியர் பயிற்சி தீக்‌ஷா என்ற இணையக் கல்வித் தளத்துக்கு வந்தது. அப்போதிருந்தே காணொளி, வினாடி வினா, சான்றிதழ் என்று எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. சட்டம் தெரிந்துகொள்ள இது போதும். பிள்ளைகளை ஆராய்ந்து சிந்திக்க வைக்கும் வித்தையை இப்படிக் கற்க முடியாது.

காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்து ஆசிரியர்களுக்கு நான் நடத்தும் இணைய வகுப்பில் நினைவில் வைப்பதிலிருந்து ஆராய்வது வரை சிந்தனையை அடுக்கிக் காட்டும் ப்ளூம் படிநிலைகளை விளக்குவதில்லை. பி.எட். படித்தவர்களுக்கு அது மனப்பாடம். முதல் வாரம் ஒரே வேலைதான்: உங்கள் பாடவேளையில் பத்து நிமிடத்தைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, நீங்களே போட்டுக் கேளுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். (அனுப்பச் சொன்னால் ஒத்திகை பார்த்த வகுப்புதான் வரும்.) புத்தகத்தில் விடை இல்லாத கேள்வி எத்தனை கேட்டீர்கள்? கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?

இரண்டாவது கேள்விதான் ஆளை அசைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளின் பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்பில் மூன்று நொடி அமைதி நிலவினால் நமக்கே படபடப்பு வந்துவிடும். “தெரியலையா? சரி, நானே சொல்றேன்.”

வேலூரில் பயிற்சிக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்ற பேச்சு ஊரறிந்தது. ‘அதெல்லாம் கட்டுக்கதை’ என்று ஆசிரியர் அறிவித்தால், பிள்ளைகள் அதையும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். அகழிக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் எப்படித் தோண்டியிருப்பார்கள்? பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பவருக்குக் காற்று எங்கிருந்து வரும்? தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள்? இதை முதலில் ஆசிரியர்களையே நால்வர் நால்வராகப் பிரித்துப் பேசவிடுகிறேன். யாராவது ஒருவர் “எங்க தாத்தா பார்த்திருக்கார் சார்” என்பார். தாத்தா பார்த்தது வாசலையா, பாதை முழுவதையுமா? பெரியவரைப் பொய்யர் ஆக்காமலே இப்படி ஒரு சான்றை எடைபோடலாம். வகுப்பில் அதிகம் தேவைப்படும் பக்குவம் இதுதான்.

அப்புறம் 1806 ஜூலை 10: கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கோட்டையில் கிளர்ந்தெழுந்த வேலூர்ப் புரட்சி. புதிய தலைப்பாகை, சமயக்குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு என்று காரணங்களை மாணவர் ஒப்பித்துவிடுவார். சென்னைப் படை முழுவதற்குமான உத்தரவுதானே அது, வேலூரில் ஏன் இவ்வளவு பெரிதாக வெடித்தது? திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தொடர்பு? இங்கே ஒரு வரி விடை செல்லாது.

“போர்ஷன் யார் முடிக்கிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்திலும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு கேள்வி போதும் என்பேன்.

தலைமை ஆசிரியர்களிடமும் வட்டார வள மையத்தினரிடமும் ஒன்று கேட்கிறேன். சான்றிதழ் எண்ணிக்கை கேட்கும் படிவத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள்: புத்தகத்தில் விடை இல்லாமல் இந்த மாதம் வகுப்பில் கேட்ட கேள்வி எது, அதற்குப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?