பம்ப் அலுமாரிக்குள், பெடியன் மைதானத்தில்

தை மாதம் யாழ்ப்பாணத்தில் பனியும் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியும் சேர்ந்தே வரும். விடியற்காலைக் குளிர், வலிகாமத்துச் செம்மண் புழுதி, ஓட்டம். முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரப் பிள்ளையின் மூச்சுக்குழாய் சுருங்க வேறென்ன வேண்டும்?

அப்படி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவன்தான் தரம் 8 படிக்கும் ஒரு பெடியன். 400 மீற்றர் ஓடி முடித்ததும் இழுக்கத் தொடங்கியிருக்கிறது. இழுப்பு வந்தால் உறிஞ்சுகிற அவனுடைய நீலப் பம்ப் (இன்ஹேலர்) பள்ளிக்கூட அலுவலக அலுமாரிக்குள். 'மருந்துச் சாமான் பிள்ளைகளிடம் இருக்கக்கூடாது' என்று வாங்கி வைத்திருந்தார்கள். திறப்பு உப அதிபரிடம். அவர் வலயக் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஓட்டோவில் கொண்டுவந்தபோது அவனால் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. நெபுலைசர் பிடித்து, ஸ்டெரொயிட் கொடுத்து, அன்றிரவு வாட்டில் வைத்திருந்தோம்.

ஆசிரியர்களில் குற்றம் பிடிக்க மனமில்லை. பம்ப் என்றால் வீட்டிலேயே பயம், 'பழகிவிடும்' என்று. ஆனால் இந்த நீலச் சல்பியூட்டமோல் பம்பை ஒருமுறை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம். பயமில்லாமல் விழுங்கக் கொடுக்கிற அதே மருந்தின் 2 மில்லிகிராம் குளிசையில் அதைப்போல் 20 மடங்கு இருக்கிறது! பக்கத்து மேசைப் பிள்ளை விளையாட்டாக ஒருதரம் இழுத்தாலும் பெரும்பாலும் கொஞ்சம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். லண்டனிலுள்ள சொந்தக்காரரைக் கேளுங்கள்: இங்கிலாந்தில் 2014 ஒக்ரோபரிலிருந்து பள்ளிக்கூடமே அவசரத்துக்கு இந்தப் பம்பை வாங்கி வைத்திருக்கலாம்.

எத்தனை வயதில் பிள்ளையிடம் கொடுக்கலாம்? நான் வயதைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். 'செய்து காட்டு' என்பேன். தாய்மார் முந்திக்கொண்டு விளக்குவார்கள். அவர்களை இருக்கச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் பம்பைக் குலுக்க மறப்பார்கள், அமுக்கி முடிந்தபிறகு இழுப்பார்கள். சரியாகச் செய்பவர் பொக்கற்றில் வைத்திருக்கட்டும். சின்னப் பிள்ளையென்றால் வகுப்பாசிரியரின் லாச்சியில், பூட்டாமல். மண்ணிறப் பம்ப் வருமுன் காப்பது. அது காலையும் இரவும் வீட்டில் போதும்.

இழுப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து இருக்கட்டும். நீலப் பம்பை ஸ்பேசரில் (பம்பைப் பொருத்தி மூச்சிழுக்கும் பிளாஸ்ரிக் குழாய்) ஒருதரம் அமுக்கி 4 மூச்சு. இப்படி 4 தரம். 4 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொரு 4. அதற்கும் அடங்காவிட்டால், அல்லது கதைக்கவே முடியாமல் உதடு நீலம் பாய்ந்தால், உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை பம்பை நிறுத்தவேண்டாம். ஸ்பேசர் வாங்க வசதியில்லையென்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தத் துளையிட்டால் போதும். அது வேலை செய்கிறதென்று தென்னாபிரிக்காவில் 1999இலேயே காட்டிவிட்டார்கள்.

"பொம்பிளைப் பிள்ளை, ஆக்களுக்குத் தெரியப்படாது டொக்டர்" என்ற தாய் ஒருவர், பிறகு மகளின் சீருடைக்குள் தானே ஒரு பொக்கற் தைத்தார். மறைக்கத்தான் தைத்தார். எனக்கு அதுவும் சரி.

அடுத்த கிளினிக்குக்குப் பெடியனின் தகப்பன் அலுமாரியிலிருந்து மீண்ட பம்பைக் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தேன். காலாவதித் திகதி போன வைகாசி.