வரி விலைக்கா, சர்க்கரைக்கா?

பெங்களூரு அல்சூரில் ஒரு பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குக் கோலா வாங்கினால், அதில் 5 ரூபாய் 71 காசு ஜி.எஸ்.டி.யாகப் போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பிலுள்ள 40 விழுக்காட்டு வரியின் கணக்கு இது. சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் அதே 40 விழுக்காடுதான். பக்கத்தில் இருக்கும் மாம்பழ பானத்தில் கோலாவுக்கு நிகரான சர்க்கரை இருந்தாலும், அதில் வாயு அடைக்கப்படவில்லை என்பதால் வரி 5 விழுக்காடு மட்டுமே.

விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பதில் ஐயமில்லை. மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு 1 பேசோ, அதாவது விலையில் ஏறத்தாழ 10 விழுக்காடு, வரி விதித்தபோது, முதல் ஆண்டில் விற்பனை சராசரியாக 6 விழுக்காடு குறைந்தது. ஆண்டுக் கடைசியில் அது 12 விழுக்காடானது. ஏழைக் குடும்பங்களில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் வரி குறைந்த இன்னொரு இனிப்புப் பானம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், வாங்குபவர் அதற்கு மாறிவிடுவார். உடலில் சேரும் சர்க்கரை அப்படியே இருக்கும்.

பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த வரி, வாங்குபவரைவிடத் தயாரிப்பாளரையே குறிவைத்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி இல்லை. தொடக்கத்தில், 5 கிராம் முதல் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராம் முதல் 24 பென்ஸ். வரி அறிவிக்கப்பட்டதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையில் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்ததால், பல நிறுவனங்கள் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே இறக்கிக்கொண்டன. தாம் குடிக்கும் பானம் மாறியதை அறியாதவர்களுக்கும் இதன் பலன் சென்று சேர்ந்தது. நம் வரியோ விலையின் மீது விழுகிறது. சர்க்கரையைக் குறைக்கும் தயாரிப்பாளருக்கு அது ஒரு காசும் மிச்சப்படுத்துவதில்லை. இதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காய்கறிக்கு வழி வேறு. வரியே இல்லாத கீரைக்கட்டின் விலையை வரிச்சலுகையால் குறைக்க முடியாது. பணமாகத்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2011-12இல் நடந்த சோதனையில், அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்கள் காய்கறி, பழங்களுக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பித் தரப்பட்டது. அவர்கள் அவற்றை உண்ணும் அளவு ஏறத்தாழ கால் பங்கு கூடியது. பெங்களூரில் காய்கறி, பழம் விற்கும், 1959 முதல் இயங்கும் ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் கடைகள் இருக்கின்றன. கோலா வரியில் கர்நாடகத்துக்கு வரும் பங்கிலிருந்து, அங்கே ரேஷன் அட்டைக்குக் காய்கறித் தள்ளுபடி கொடுக்கலாம்.