பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, எதுக்கு டெஸ்ட்?" சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் சொல்வார்கள். சொல்பவருக்கு நீரிழிவு இருந்தால் எனக்குக் கவலையாகிவிடும். அந்த நோய் கண்ணைப் பாதிக்கும்போது பார்வை மங்குவது பெரும்பாலும் கடைசியில்தான்.

கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. அதில் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பல ஆண்டுகள் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் அவற்றின் சுவர் நலிந்து அங்கங்கே புடைக்கும். ரத்தமும் நீரும் கசியும். சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் கிடைக்காத இடங்களில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை எளிதில் உடைந்துவிடும். விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்படாதவரை, அட்டையில் உள்ள கடைசி வரி எழுத்தைக்கூடத் தடுமாறாமல் படிக்கலாம். கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வருவது இதனால்தான் போதாது.

தேவைப்படுவது விழித்திரைப் படம். பலதுறை மருந்தகங்களிலேயே எடுக்கிறார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் சிறு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பளிச்சென்று ஒரு ஒளி, அவ்வளவுதான். ஆரஞ்சு நிற வட்டத்தில் ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து ஓடுவது படத்தில் தெரியும். தொடக்கநிலை பாதிப்பு, குண்டூசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகளாக இருக்கும். இரண்டாம் வகை நீரிழிவு என்றால் நோய் தெரியவந்த உடனேயே முதல் படம், அப்புறம் பொதுவாக ஆண்டுக்கு ஒன்று. கர்ப்பிணிக்கு முன்பே நீரிழிவு இருந்தால் தொடக்க மாதங்களிலேயே பார்த்துவிட வேண்டும்.

இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். 2007 முதல் 2009 வரை 40 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களிடம் நடந்த சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

கண் அழுத்த நோயும் இப்படித்தான், பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும். விடுபட்ட இடத்தை மூளை நிரப்பிக் காட்டுவதால் இழப்பே தெரியாது. 40 வயதில் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொண்டு, அடுத்தது எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா, அப்பா, உடன்பிறந்தோர் யாருக்காவது இருந்தால் அதைச் சொல்லத் தவறாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். வளரும் வயதில் கண் 1 மி.மீ. கூடுதலாக நீண்டாலே கிட்டப்பார்வை 2.5 டயாப்டருக்கு (கண்ணாடிப் பவரின் அலகு) மேல் ஏறக்கூடும். கண்ணாடி போட்ட பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டு, நிறையக் கரும்புள்ளிகள், ஒரு பக்கம் திரை விழுந்தது போன்ற மறைப்பு என்று வந்தால் எந்த அட்டவணையும் பார்க்க வேண்டாம். விழித்திரை கிழிந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண்ணின் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் மங்கலாக இருக்கும். அதனால் வண்டியை நீங்கள் ஓட்டாமல் கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.