ஆர்எம்மாட் ஏன் மறுக்கிறது?

லினக்ஸில் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதப் பழகும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "இன்ஸ்மாட் போட்டதும் மாட்யூல் ஏறிவிடுகிறது. ஆர்எம்மாட் போட்டால் மட்டும் 'மாட்யூல் இஸ் இன் யூஸ்' என்று அடம் பிடிக்கிறது. ரீபூட் பண்ணிவிட்டு வேலையைத் தொடர்கிறேன். சரிதானே?"

மாட்யூல் என்பது லினக்ஸின் மையமான கெர்னலில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்க்கவும் கழற்றவும் முடிகிற நிரல் துண்டு. ஏற்றும் கட்டளை இன்ஸ்மாட், இறக்கும் கட்டளை ஆர்எம்மாட். ஏற்றும் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். கம்பைல் ஆகி வரும் மாட்யூல் கோப்பு அரைகுறைதான். செய்தி எழுதும் பிரிண்ட்கே போன்ற கெர்னல் ஃபங்ஷன்களின் பெயர்கள் அதில் இருக்கும், முகவரிகள் இருக்காது. கெர்னல் நினைவகத்தில் இடம் ஒதுக்கி, கோப்பை அங்கே வைத்து, முகவரிகளை நிரப்பி, தொடக்க வேலைகளுக்கான உங்கள் இனிட் ஃபங்ஷனை ஒரு முறை அழைக்கும். முன்பெல்லாம் முகவரி நிரப்பும் வேலையை இன்ஸ்மாட் வெளியிலிருந்து செய்தது. 2003 டிசம்பரில் வந்த கெர்னல் 2.6-இல் அது கெர்னலுக்குள் போனது. அவ்வளவுதான்.

இறக்குவதில்தான் சுவாரசியமே. ஒவ்வொரு மாட்யூலுக்கும் கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் போட்டால் கடைசியில் தெரியுமே, அதுதான். உங்கள் டிரைவருக்கு வாசலாக இருக்கும் டிவைஸ் கோப்பை ஒரு நிரல் திறந்தால் ஒன்று கூடும், மூடினால் ஒன்று குறையும். பூஜ்யமானால்தான் இறக்க விடும்.

சரி, கூட்டுவது யார்? பழைய டிரைவர்களில், கோப்பைத் திறக்கும்போது ஓடும் ஓப்பன் ஃபங்ஷனின் முதல் வரியே தன் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரி ஓடுகிறது என்றாலே பிராசசர் ஏற்கெனவே மாட்யூலுக்குள் வந்துவிட்டது. வந்த கணத்துக்கும் கூட்டும் கணத்துக்கும் நடுவில் இன்னொரு பிராசசரில் ஆர்எம்மாட் ஓடினால், அதன் கண்ணுக்குத் தெரிவது பூஜ்யம். வெளியேறும்போதும் இதே வம்பு. எண்ணிக்கையைக் குறைத்த பிறகும் 'ரிட்டர்ன்' என்ற கடைசிக் கட்டளை மாட்யூலுக்குள்தானே கிடக்கிறது? வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்று கூடத்தில் நின்றுகொண்டே குரல் கொடுப்பது போல. வெளியே இடிக்க வந்தவர்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். கெர்னல் முழுவதற்கும் ஒற்றைப் பூட்டு போட்டு ஒப்பேற்றிய காலம் போனதும் இந்த ஓட்டை பெரிதானது.

தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: உள்ளே இருப்பவரிடம் கணக்கை விடாதே. கோப்பைத் திறந்தால், மூடினால் எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று சொல்லும் ஃபைல் ஆபரேஷன்ஸ் அட்டவணையில் 'ஓனர்' என்ற இடத்தில் 'திஸ் மாட்யூல்' என்று எழுதுகிறோமே, அதை நாமெல்லாம் சடங்கு போலத்தான் காப்பி அடித்திருப்போம். காரணம் இதுதான். உங்கள் ஓப்பனுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே, வாசலிலேயே கெர்னல் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். மாட்யூல் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தால் கூட்டுவதே தோற்கும். கோப்பைத் திறக்க வந்தவருக்கு 'அப்படி டிவைஸே இல்லை' என்ற பதில்தான்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் அறியாது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் எல்இடி மினுக்க ஒரு டைமர் வைத்தேன். மாட்யூல் இறங்கும்போது ஓடும் எக்ஸிட் ஃபங்ஷனில் அதை நிறுத்த மறந்துவிட்டேன். எந்தக் கோப்பும் திறந்திருக்கவில்லை, எண்ணிக்கை பூஜ்யம், ஆர்எம்மாட் சமர்த்தாக வேலையை முடித்தது. டீயை எடுத்து வாயில் வைக்கிறேன், டைமர் அடித்தது. ஓட வேண்டிய ஃபங்ஷன் இருந்த இடம் காலி. திரை முழுக்க எண்களைக் கொட்டிவிட்டு போர்டு உறைந்துபோனது. டைமரை ரத்து செய்தால் மட்டும் போதாது. வேறொரு பிராசசரில் அது பாதி ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். அதற்கென்றே 'சிங்க்' என்று முடியும் ஃபங்ஷன் இருக்கிறது.

ரீபூட் விஷயத்துக்கு வருகிறேன். சர்வர் அறையில் எலுமிச்சம்பழம் கட்டுபவர்களைக் கிண்டல் செய்யும் நாமே, காரணம் தேடாமல் ரீபூட் பண்ணுகிறோம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டாயப்படுத்தி இறக்கும் வழியும் வேண்டாம், அது கடப்பாரைக்காரர்களை உள்ளே விடுவது. உங்கள் டிவைஸ் கோப்பின் பெயரோடு, அதை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் எஃப்யூசர் கட்டளை போடுங்கள் அம்மா. ஒரு ப்ராசஸ் எண், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண், வரும். பெரும்பாலும் அது காலையில் இன்னொரு டெர்மினலில் நீங்களே ஓடவிட்டு மறந்த, கோப்பைப் படித்துக் காட்டும் 'கேட்' கட்டளையாகத்தான் இருக்கும்.