உழக்கு: பெடலுக்கு நம்மட வாயில இருக்கிற சொல்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால எதிர்க்காத்தோட மல்லுக்கட்டி வாற ஆளைக் கேட்டுப்பாருங்க, "சைக்கிள் உழக்கி உழக்கிக் கால் விட்டுப்போச்சு" எண்டுதான் சொல்லுவார். மிதிவண்டி எண்டு ஒருத்தரும் சொல்றல்ல. துவிச்சக்கரவண்டி வேற இருக்கு, துவி எண்டா சமஸ்கிருதத்தில ரெண்டு, அது பள்ளிக்கூடக் கட்டுரையிலயும் பொலிஸ் முறைப்பாட்டுலயும் மட்டும் ஓடுற வண்டி.

பெடல் எண்ட சொல்லுக்கு வேர் லத்தீன்ல பாதத்தைக் குறிக்கிற 'பெட்'. இத்தாலி, பிரெஞ்சு எல்லாம் சுத்தி இங்கிலீசுக்கு வந்தது, முதல்ல சைக்கிளுக்கில்ல, சேர்ச் ஓர்கன்ல காலால அமத்துற கட்டைக்குத்தான் அந்தப் பேர். 1817ல ஜேர்மன்காரர் கார்ல் டிரைஸ் ஓடிக்காட்டின ரெண்டு சில்லு வண்டியில பெடலே இல்ல, நிலத்தில உந்தி உந்திப் போறதுதான். 1860கள்ல பாரிஸ்ல முன்சில்லுல பெடல் பூட்டின மறுகாதான் சொல்லும் சைக்கிளோட ஒட்டிச்சு.

தமிழ்ல அந்தக் கட்டைக்கு 'மிதிகட்டை' சரி. ஆனா காலால செய்ற வேலைக்கு மிதித்தல் எனக்குப் பத்தல்ல, மிதி எண்டா கீழ அமத்துறதோட முடிஞ்சுபோகும். உழக்கு எண்டா மிதிச்சுக் கலக்குறது, யானை குளத்தை உழக்கும், நெல்லுச் சூடு மிதிக்கிற எருமை களத்தைச் சுத்திச் சுத்தி வாறமாதிரி நிக்காத வேலை. (கால்படி அளக்கிற உழக்கு வேறகா, அதைக் கொண்டுவந்து இதில போட்டுக் குழப்பாதீங்க.)

ஒழுங்கா உழக்க, பெருவிரலுக்குப் பின்னால இருக்கிற திரட்டு பெடல் அச்சுக்கு மேல வரவேணும், நம்மட ஆக்கள்ல பாதிப்பேர் செருப்போட குதியை வச்சுத்தான் உழக்குறாங்க. குதி சீட் உயரம் பாக்கத்தான் உதவும்: கீழ நிக்கிற பெடல்ல குதியை வச்சா கால் நேரா நிக்கணும், மறுகா முன்பாதத்தை வச்சா முழங்கால் லேசா மடங்கும். சீட்டைப் பதிச்சு வச்சிட்டு முழங்கால் நோகுது எண்டு சொல்லி என்ன செய்ற? பலம் கூட வாறது முன்னால கீழ இறங்குற கால்லதான், மேல வாற கால் பாரம் குடுக்காம இருந்தாலே போதும்.

சப்பாத்தோட பூட்டுற பெடலும் இருக்கு, 1985ல பிரெஞ்சு சைக்கிளோட்டக்காரர் பெர்னார்ட் இனோ டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டத்தை வெண்டது அதிலதான். சப்பாத்து முனையைப் பிடிச்சு வச்சிருந்த பழைய விரல் கிளிப் இல்லாததால 'கிளிப்லெஸ்' எண்டு பேர் வச்சிட்டாங்க, காலை இறுக்கிப் பூட்டுற சாமானுக்கு! நான் பூட்டுமிதி எண்டு சொல்லிட்டுத் திரியிறன், சைக்கிள் கடையில இன்னும் சிரிக்காங்க.