கதவு திறப்பதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது

பயோனா இயக்கி 2007-இல் வெளிவந்த ஸ்பானியப் படம் 'எல் ஓர்ஃபனாத்தோ'. அதில் தாயாக வரும் பெலென் ருவேடா, குழந்தைகள் விளையாட்டு ஒன்றில் வருவதுபோல், சுவரைப் பார்த்து நின்று, மூன்று வரை எண்ணித் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். யாருமில்லை. மறுபடி சுவர், மறுபடி எண்ணிக்கை. கேமராவும் அவரோடு திரும்பித் திரும்பி வருகிறது. ஒரு தடவை பார்த்தால், மூடியிருந்த கதவு திறந்திருக்கிறது. ரத்தமோ அலறலோ இல்லாமலே தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றுவிடும்.

அந்த நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கும் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. எங்கிருந்து என்ன வருமோ என்று கவனித்துக்கொண்டிருக்கும் உடல் உறைகிறது. இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. படபடப்பெல்லாம் அப்புறம்தான்.

திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுவது அனிச்சைச் செயல். காதிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து தண்டுவடம், தசைகள். நடுவில் யோசனைக்கு இடமில்லை. கண்ணிமை 50 மில்லி விநாடிக்குள் துடிக்கத் தொடங்கிவிடும். 'இது வெறும் படம்' என்று புத்தி சொல்ல வருவதற்குள் எல்லாம் நடந்துவிடுகிறது. ஆனால் எவ்வளவு பலமாகத் துள்ளுகிறோம் என்பது அதற்கு முந்தைய காத்திருப்பைப் பொறுத்தது. மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியும் அதையொட்டிய பகுதிகளும் அந்த அனிச்சையை முன்கூட்டியே முறுக்கி வைக்கின்றன. சும்மா ஸ்பீக்கரை அலறவிடும் படங்கள் இந்த முறுக்கும் வேலையைச் செய்வதில்லை. எனக்கு அவை எரிச்சலைத்தான் தருகின்றன.

இருட்டும் முறுக்கும். மனிதர்கள் வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் அதிகமாகத் துள்ளுகிறார்கள் என்று 1997-இல் கிறிஸ்டியன் கிரில்லானும் அவரது குழுவினரும் அளந்து காட்டினார்கள். எலிகள் தலைகீழ்: இரவில் நடமாடும் அவற்றுக்கு வெளிச்சம்தான் பயம்.

ஸ்பானிஷ் தெரியாதவர்களுக்குக் கூடுதலாகச் சப்டைட்டில் என்றொரு தொல்லை. எழுத்தைப் படிக்கப் பார்வையின் நடுப்பகுதி தேவை. கண் கீழே இறங்கியதும் மேலே நடப்பதெல்லாம் ஓரப் பார்வைக்குப் போய்விடுகிறது. ஓரப் பார்வை அசைவைப் பிடித்துவிடும். அசைந்தது என்ன என்று தெளிவாகச் சொல்லாது. மிச்சத்தை மூளையே ஊகித்துக்கொள்ளும்.

சரி, காசு கொடுத்து இதை ஏன் பார்க்கிறோம்? உளவியலாளர் டோல்ஃப் ஸில்மன் ஒரு விளக்கம் தந்தார். உடலில் ஏறிய கிளர்ச்சி உடனே இறங்குவதில்லை. பயம் விலகிய பிறகும் மிச்சமிருக்கும் அந்தக் கிளர்ச்சி அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்து அதைப் பெரிதாக்குகிறது. படம் விட்டதும் சாதாரண ஜோக்குக்கும் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பது அதனால்தான் போலும்.