தவிட்டுக்குள்ள கெடக்கற புழுவுக்கு தண்ணி எங்கிருந்து வருது?

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம், ஜில்லா பாலக்காடுதான் ஆனா வீட்டுல பேசறது சந்தையில வெல கேக்கறது எல்லாம் தமிழ்தான், கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிக்கு போய்ட்டு வர்றதெல்லாம் எங்களுக்கு பக்கத்து தெருவுக்கு போற மாதிரி. நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்காக மாவுப்புழு வளக்க ஆரம்பிச்சேன், அலங்கார மீன் கடையில மீல்வார்ம்னு சொல்லித் தருவாங்களே அதேதான். மொத வாரம் பக்கத்து வீட்டு அத்தை வந்து டப்பாவ எட்டிப் பாத்துட்டு "ஏங்கண்ணு, வெறும் தவிடா கெடக்குது, இதுக்கு தண்ணி எங்க வெப்ப?"ன்னு கேட்டாங்க. "தண்ணி வெக்கறதில்லீங்க அத்தை, கேரட் துண்டு போட்டா போதும்"னு சொன்னேன். "அப்ப கேரட் போட மறந்துட்டா செத்துப்போயிருமா?"

சாகாது. வாரக்கணக்குல வெறும் தவிட்டுலயே உசுரோட இருக்கும், ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா மாவுப்புழு வளர்ப்புல முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி.

புழுன்னு சொல்றோமே தவிர இது மண்புழு மாதிரி புழு கெடையாது, ஒரு கருப்பு வண்டோட குழந்தைப் பருவம். டெனிப்ரியோ மோலிட்டர்ங்கறது அறிவியல் பேரு, 1758ல லின்னேயஸ்ங்கற விஞ்ஞானி வெச்சது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டுன்னு நாலு பருவம். இதோட சொந்த எடமே தானியம், மாவு, தவிடு சேத்து வெக்கற குடோன்தான். அந்த மாதிரி எடத்துல சாப்பாட்டுக்கு பஞ்சமே இல்ல, தண்ணி மட்டும் சொட்டு கூட இருக்காது. அதனால இதோட ஒடம்பே தண்ணிய வீணாக்காத மாதிரி அமைஞ்சிருக்குது.

மொத வழி, சாப்பாட்டுல இருந்தே தண்ணி தயாரிக்கறது. மாவுச்சத்து ஒடம்புக்குள்ள எரியறப்ப கரியமில வாயுவும் தண்ணியும் வரும், 100 கிராம் மாவுச்சத்து முழுசா எரிஞ்சா சுமார் 55 கிராம் தண்ணி கெடைக்கும். கொழுப்பா இருந்தா 100 கிராமுக்கு 100 கிராமுக்கும் மேலயே வரும். நம்ம ஒடம்புலயும் இது நடக்குது, ஆனா நாம வேர்வையா மூத்திரமா விட்டுடறோம், புழு விடறதில்ல. ஒடம்புக் கழிவ நம்ம மாதிரி யூரியாவா தண்ணியில கரைச்சு வெளிய தள்ளாம யூரிக் அமிலமா காஞ்ச துகளா தள்ளுது. டப்பா அடியில நைஸ் மணல் மாதிரி சேருமே, அதுதான் அதோட எச்சம், கையில அள்ளுனா ஒட்டவே ஒட்டாது.

ரெண்டாவது வழிதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம். நமக்கு சிறுநீரகம் செய்யற வேலைய பூச்சிகளுக்கு மால்பிகியன் குழாய்னு மெல்லிசான குழாய்கள் செய்யும், பெரும்பாலான பூச்சிகள்ல அதோட நுனி வயித்துக்குள்ள சும்மா மெதந்துக்கிட்டு கெடக்கும். மாவுப்புழுவுல ஆறு குழாய், ஆறோட நுனியும் திரும்பி வந்து மலக்குடல சுத்தி ஒட்டிக்கிட்டு, மேல ஒரு சவ்வு போத்துன மாதிரி மூடியிருக்கும். அந்தக் குழாய்க்குள்ள பொட்டாசியம் குளோரைடுங்கற உப்ப பம்ப் பண்ணி பம்ப் பண்ணி சேத்து வெக்குது. உப்பு இருக்கற பக்கம் தண்ணி போகும்ங்கறது ஊறுகா போடற எல்லாருக்கும் தெரியும், மாங்காத் துண்டுல உப்பு போட்டா தண்ணி வெளிய வருதில்ல, அதே மாதிரி மலத்துல இருக்கற கடைசி ஈரம் வரைக்கும் உறிஞ்சி எடுத்து ஒடம்புக்குள்ள திருப்பி விட்டுருது. 1964ல ராம்சேங்கற விஞ்ஞானி இத விரிவா ஆராய்ஞ்சு எழுதியிருக்காரு.

இதோட நிக்கல. காத்துல ஈரப்பதம் சுமார் 88 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா அந்த உப்பு காத்துல இருக்கற ஆவியவே பின்பக்கம் வழியா இழுத்து தண்ணியாக்கிக்கும். ஆடி மாசத்துல அடுப்படி உப்பு ஜாடி தன்னால கசியுதே, காத்துல ஈரம் 75 சதவீதம் தாண்டுனா கல்லுப்பு நீர்த்துப் போகும், புழு அந்த வித்தைய ஒடம்புக்குள்ளயே வெச்சிருக்குது. வாயால ஒரு சொட்டு கூட குடிக்காம எடை கூடற உசுரு.

இப்ப அப்படின்னா கேரட் எதுக்குன்னு கேப்பீங்க. உசுரோட இருக்கறது வேற, வளர்றது வேற. காஞ்ச தவிடு மட்டும் போட்டா தின்னதுல ஒரு பங்கு தண்ணிக்காகவே எரிஞ்சு போயிரும், புழு மெல்லிசா சுருங்குன மாதிரி இருக்கும், வளர மாசக்கணக்குல இழுக்கும். ஈரத்துக்கு ரெண்டு கேரட் துண்டோ உருளைக்கெழங்கு துண்டோ போட்டாலே வேகம் மாறும்.

எங்க ஊருல இது வருசம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காட்டுக் கணவாய்ங்கறது பெரிய வாசல் மாதிரி, டிசம்பர் ஜனவரில கெழக்க இருந்து வறண்ட காத்து அதுவழியா வீசும், ஒதடு வெடிக்கும், அப்ப நான் நாலு நாளைக்கு ஒருக்கா கேரட் மாத்துவேன். ஜூன்ல மழை எறங்கிருச்சுன்னா அதே கேரட் ரெண்டே நாள்ல பூசணம் புடிச்சுக்கும், தவிடு கட்டி கட்டும், வெள்ளையா தூசி மாதிரி உண்ணி வந்து டப்பா ஓரத்துல ஊரும். மொத மழைக்கு ஒரு டப்பா முழுக்க எனக்கு அப்படித்தான் போச்சு, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. மழைக்காலத்துல காத்தே ஈரம் குடுக்குது, அதனால துண்ட பாதியாக்கி, மறுநாளே மிச்சத்த எடுத்துருங்க.

சூடும் கவனிக்கணும். 25ல இருந்து 28 டிகிரி வரைக்கும் நல்லா வளரும், 35ஐ நெருங்குனா சாக ஆரம்பிக்கும். பங்குனி சித்திரையில எங்க பக்கம் 40ஐ தொடும், போதாததுக்கு நெருக்கமா கெடக்கற புழுக்கூட்டம் தானே சூட்ட கெளப்பும், டப்பா நடுவுல கைய விட்டுப் பாத்தா வெளிய விட சூடா இருக்கும். அந்த மாசங்கள்ல ஆழமா கொட்டாம அகலமான டப்புல பரப்பி விட்டு, ஓட்டு வீட்டு தரையில வெச்சுருவேன்.

வளக்கற மொறை சுலபம்தான். வழவழப்பான பிளாஸ்டிக் டப், அதுல ஏற முடியாது. கோதுமைத் தவிடு நாலஞ்சு சென்டிமீட்டர், கொட்டறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வெச்சா அதுல ஏற்கனவே இருக்கற வேற பூச்சி செத்துரும். பெட்டை வண்டு வாழ்நாள்ல சில நூறு முட்டை போடும், பிசுபிசுப்பா இருக்கறதால தவிடு ஒட்டிக்கிட்டு கண்ணுக்கே தெரியாது. ஒரு வாரம் பத்து நாள்ல பொரிச்சாலும் புழு நூலு மாதிரி இருக்கும், "ஒண்ணுமே இல்ல"ன்னு பாதிப் பேர் அப்பத்தான் தவிட்ட கொட்டிடறாங்க. ஒரு மாசம் பொறுங்க, லேசா ஊதுனா தவிடு அசையும்.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வண்டுகள சலிச்சு புது தவிட்டுக்கு மாத்தணும், இல்லன்னா தன்னோட முட்டையவே தின்னுரும். கூட்டுப்புழுவையும் தனியா எடுங்க, அதுக்கு வாயும் காலும் வேல செய்யாது, வயித்த மட்டும் ஆட்டும். ஆனா வயித்து மடிப்பு ஓரத்துல கிட்டி மாதிரி சின்னப் பொறி இருக்கும், ஏதாவது கடிக்க வந்தா அத கிள்ளும். நெறைய புழு சுத்தி இருந்தா அது போதாது, ஈரம் கொறைஞ்ச டப்பால மத்த புழுக்கள் கூட்டுப்புழுவ கடிக்கறது அதிகமா இருக்கறத நானே பாத்திருக்கேன்.

புது வண்டு வெளிய வர்றப்ப பால் வெள்ளை, அப்பறம் பழுப்பு, சில நாள்ல கருப்பு. வண்டயோ புழுவையோ வெளிய கொட்டிடாதீங்க, மாவு மில்லுக்கும் குடோனுக்கும் இது நெஜமான எதிரி. சலிச்ச எச்சம் செடிக்கு உரம். எறா ஒத்துக்காதவங்களுக்கு இந்த புழுவும் அலர்ஜி பண்ணலாம், சலிக்கறப்ப மாஸ்க் போடுங்க.

அத்தை இப்ப வாரா வாரம் ரெண்டு கை நெறைய புழு வாங்கிட்டுப் போறாங்க, மழைக்காலத்துல மட்டும் கேரட் வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க.